முதுகலைப் புவியியலில் ஆய்வுத் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி: ஒரு கண்மாயை வைத்து விளக்கம்

முதுகலைப் புவியியல் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது: “ரிமோட் சென்சிங் (தொலையுணர்வு), ஜிஐஎஸ் (புவித் தகவல் அமைப்பு), புள்ளியியல் எல்லாம் வகுப்பில் படித்தாகிவிட்டது. நான்காம் பருவத்தில் தனியாக ஆய்வேடு செய்யவேண்டும் என்றால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. ஆய்வு செய்யும் திறனை நடைமுறையில் எப்படி வளர்த்துக்கொள்வது? எந்தச் சான்றிதழ் படிப்புகளில் சேரலாம்?”

சான்றிதழ் படிப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதே ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை வரைபடம், செயற்கைக்கோள் படம், வருவாய்ப் பதிவேடு, நேரடி அளவீடு, ஊர்க்காரர் பேச்சு என்று ஐந்து வழியாகவும் அளந்து பாருங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடத் தொடங்கும்போதுதான் ஆய்வு கைக்கு வருகிறது. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். அது தரும் எண்ணில் பிழை எங்கிருந்து, எவ்வளவு வந்தது என்று சொல்லத்தான் பழக்கம் வேண்டும்.

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் இருப்பவருக்குக் கண்மாயைவிட, அதாவது மழைநீரைத் தேக்கும் பாசன ஏரியைவிட, நல்ல பயிற்சிக்களம் கிடையாது. கரை, மடை (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), கலுங்கு (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்), வரத்துக்கால் (தண்ணீர் வந்துசேரும் கால்வாய்), உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பு), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) என்று எல்லாம் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்துக்குள் இருக்கும். நீரியல், மண், வேளாண்மை, நில உரிமை, சமூகம் எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. வேறு பகுதியில் இருந்தால் ஒரு ஏரியையோ ஒரு வாய்க்காலின் பாசனப் பரப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள், முறை இதேதான்.

முதலில் கேள்வியைச் சிறிதாக்குங்கள். “மதுரை மாவட்டக் கண்மாய்களில் நிலப்பயன்பாட்டு மாற்றம்” என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி இல்லை. “இந்த ஒரு கண்மாயில், கடந்த 20 ஆண்டுகளில், தலைமடை ஆயக்கட்டில் நெல் பயிரான பரப்பும் கடைமடையில் பயிரான பரப்பும் ஒரே அளவில் குறைந்தனவா?” என்று கேட்டால் அது கேள்வி (தலைமடை என்பது தண்ணீர் முதலில் சேரும் பகுதி, கடைமடை என்பது கடைசியில் சேரும் பகுதி). கேள்வி சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. என்ன முடிவு வந்தால் என் எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வேன் என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது.

அடுத்தது அடிப்படை வரைபடம். இந்திய சர்வே துறையின் 1:50,000 அளவைத் தாளைத் தேட அதன் எண்ணை நீங்களே கணக்கிடப் பழகுங்கள். 58 என்ற எண் 76 முதல் 80 டிகிரி கிழக்கு, 8 முதல் 12 டிகிரி வடக்கு வரையிலான பெரிய கட்டம். அதை ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக ஒவ்வொரு பத்தியாக ஆங்கில எழுத்து வரிசையில் A முதல் P வரை 16 எழுத்துகள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு டிகிரிக் கட்டமும் 15 நிமிடத் தாள்கள் 16 ஆக, அதே வரிசையில் எண்ணப்படும். மதுரை நகரம் ஏறக்குறைய 9.92 வடக்கு, 78.12 கிழக்கு. கணக்கிட்டுப் பார்த்தால் 58 கே/1 வரும்.

பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுரு என்ற, பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியை அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் கைப்பேசி ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரியில். பழைய தாளின் மூலை ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்துப் புவியிணைப்பு செய்தால், அதாவது தாளைத் தரையிலுள்ள இடத்தோடு பொருத்தினால், நம் பகுதியில் எல்லாமே 200 மீட்டர் அளவுக்கு நகர்ந்து உட்காரும். மென்பொருள் எச்சரிக்காது, இணைப்புப் பிழையும் சிறிதாகவே காட்டும், ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன. அதனால் இணைத்து முடித்ததும் இடம் மாறாத மூன்று அடையாளங்களை, பழைய கோயில், ரயில் பாதை கடக்கும் இடம், கலுங்கு போன்றவற்றை, செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துச் சரிபாருங்கள். இன்னொன்று: 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 25 மீட்டர். அந்தத் தாளை வைத்து “கரை 10 மீட்டர் உள்வாங்கிவிட்டது” என்று எழுத முடியாது.

இந்த இடத்தில்தான் ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் பெரிய தவறு நடக்கிறது. சர்வே தாளில் உள்ள கண்மாயின் பரப்பை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தண்ணீரின் பரப்பைக் கழித்து, “கண்மாய் 60 சதவீதம் சுருங்கிவிட்டது” என்று எழுதுகிறார்கள். தாளில் இருப்பது கண்மாயின் எல்லை. படத்தில் இருப்பது அன்றைய தேதியில் கிடந்த தண்ணீர். ஆடி மாதப் படத்தை எடுத்தால் நன்றாகப் பராமரிக்கப்படும் கண்மாய்கூட முழுக்க அழிந்துபோனதாகத்தான் காட்டும். எல்லையை எல்லையோடும், தண்ணீரைத் தண்ணீரோடும் ஒப்பிடவேண்டும். அதுவும் ஒரே பருவத்தில், ஏறக்குறைய ஒரே அளவு மழை பெய்த ஆண்டுகளில்.

நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நிரம்பிய கண்மாயைப் பார்க்க மேகம் விலகிய ஜனவரிப் படங்கள் நல்லவை. பருவத்தின் நடுவிலேயே பார்த்தாகவேண்டும் என்றால் மேகத்தை ஊடுருவும் ஐரோப்பிய சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களுக்குப் போகவேண்டும். இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரிக் கட்ட மழைத் தரவு 1901 முதல் நாள்வாரியாக இருக்கிறது. ஆண்டுகளைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் தரவிலிருந்து பருவமழை அளவை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த ஜனவரிப் படத்தை ஒரு முனையில் வைத்துக்கொண்டு “20 ஆண்டு மாற்றம்” என்று சொன்னால், நீங்கள் அளந்தது அந்த ஓராண்டு வறட்சியை.

எந்தச் செயற்கைக்கோள் என்பதும் ஆண்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் லாண்ட்சாட் வரிசையில் லாண்ட்சாட் 5 படம் எடுத்தது 1984 முதல் 2011 வரை. லாண்ட்சாட் 7-ன் வரிச் சீராக்கி (படத்தின் வரிகளை ஒழுங்குபடுத்தும் கருவி) 2003 மே 31-ல் பழுதானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடுகோடாக விடுபட்டிருக்கும். லாண்ட்சாட் 8 வந்தது 2013-ல். இடைப்பட்ட 2012-க்கு லாண்ட்சாட் வரிசையில் கோடு விழுந்த படங்கள்தான் உண்டு, அந்த ஆண்டைத் தவிர்த்துவிடுங்கள். சென்டினல்-2 படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன.

பிக்சல் (படத்தின் மிகச் சிறிய சதுரம்) அளவு ஏன் முக்கியம் என்பதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். 450 மீட்டர் நீளமும் 450 மீட்டர் அகலமும் உள்ள சதுரக் கண்மாய் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 20 ஹெக்டேர். லாண்ட்சாட்டின் 30 மீட்டர் படத்தில் அது 15 பெருக்கல் 15, அதாவது 225 பிக்சல். அதில் விளிம்பில் இருப்பவை 56. கால்வாசிப் பிக்சல்கள் பாதி தண்ணீர், பாதி கரை என்று கலந்துகிடக்கும். அதே கண்மாய் சென்டினலின் 10 மீட்டர் படத்தில் 2,025 பிக்சல். விளிம்பு 176, ஒன்பது சதவீதத்துக்கும் குறைவு. 2005-ன் லாண்ட்சாட் பரப்பையும் 2024-ன் சென்டினல் பரப்பையும் நேராகக் கழித்தால் வரும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்த விளிம்புக் கணக்கே. உண்மையான கண்மாய் சதுரமாக இருக்காது, வளைந்து நெளிந்திருக்கும். விளிம்பு இன்னும் கூடும். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் சென்டினல் படத்தையும் 30 மீட்டருக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள், அல்லது இரண்டு முனைக்கும் லாண்ட்சாட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பிரித்தெடுக்க நீர்க் குறியீடு போடுவீர்கள்: பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. சென்டினல்-2-ல் பேண்ட் (ஒளி அலைவரிசை) 3-ம் 8-ம், லாண்ட்சாட் 8-ல் 3-ம் 5-ம், லாண்ட்சாட் 5-ல் 2-ம் 4-ம். சென்டினலில் ஒரு பொறி இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் செயலாக்க முறை மாறியதால் எல்லா எண்களோடும் 1,000 சேர்ந்துவருகிறது. கழிக்க மறந்தால் என்ன ஆகும்? பச்சை 800, அண்மை அகச்சிவப்பு 300 என்றால் சரியான குறியீடு 500-ஐ 1,100-ஆல் வகுத்தது, அதாவது 0.45. ஆயிரத்தைக் கழிக்காமல் போட்டால் 500-ஐ 3,100-ஆல் வகுத்தது, 0.16. தண்ணீர் அப்படியே இருக்கிறது, குறியீடு மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. 2020 படத்துக்கு வைத்த வரம்பெண்ணை (இதற்கு மேல் என்றால் தண்ணீர் என்ற எண்ணை) 2023 படத்துக்கும் வைத்தால் தண்ணீர் காணாமல் போகும். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே செயலாக்கும் கூகுள் எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த ஒத்திசைவுத் தொகுப்பு தனியாக உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

எண் எல்லாம் சரியாக இருந்தாலும் நீர்க் குறியீட்டுக்குத் தெரியாத ஒன்று நம் கண்மாய்களில் இருக்கிறது. உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் அதன் இலைக்கூரைக்கு அடியில் முழங்கால் தண்ணீர் நின்றாலும் படத்தில் செடிதான் தெரியும். ஆகவே கருவேலப் பரப்பைத் தனியாக வரைந்துகொள்ளவேண்டும். அதற்குச் சரியான மாதம் மே. பயிர் அறுவடையாகி, புல் காய்ந்து, எல்லாம் பழுப்பாகக் கிடக்கும்போது சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். ஜனவரிப் படத்தில் நெல்லும் நாணலும் கருவேலமும் ஒரே பச்சையில் கலந்துபோகும். ஒரே கண்மாய்க்கு ஜனவரிப் படம் ஒன்று, மேப் படம் ஒன்று என்று இரண்டு வேண்டும்.

பரப்பைக் கணக்கிடும் முன் ஆயமுறையை மீட்டருக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது. திண்டுக்கல் நகருக்குச் சற்றுக் கிழக்கே அது போகிறது. மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையில் அதற்கு மேற்கே மண்டலம் 43, மென்பொருளில் கொடுக்கும் இபிஎஸ்ஜி குறியெண் 32643. கிழக்கே யுடிஎம் 44, இபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி 43-ல் வரும். மதுரை, சேலம், சென்னை 44-ல் வரும். ஆய்வுப் பகுதி கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தால் ஏதாவது ஒன்றையே எல்லா அடுக்குகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சிறிய பகுதியில் அதனால் வரும் அளவுப் பிழை மிகக் குறைவு. இரண்டையும் கலந்தால்தான் குழப்பம்.

இனி களம். கண்மாயை முதல் நாள் எதையும் அளக்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள், கரைமேல் ஒரு முறை, வரத்துக்கால் வழியாக ஒரு முறை. மடைகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பில் இருப்பவரை நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஊருக்கு ஊர் ஒரு பெயரில் சொல்வார்கள். எந்த மடைத் தண்ணீர் எந்த வயல்வரை போகும் என்ற எல்லையை அவரைப்போலச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அந்த எல்லையைப் புல எண்களோடு எழுதிக்கொண்டால் தலைமடை, கடைமடைப் பிரிவு உங்கள் ஊகமாக இருக்காது.

இரண்டாம் முறை போகும்போது அளவீடு. கைப்பேசியில் க்யூஃபீல்டு செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள், வயல் நடுவில் சிக்னல் இருக்காது. திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் 3 முதல் 10 மீட்டர் வரை விலகும், மர நிழலில் இன்னும் கூடும். அதனால் சரிபார்ப்புப் புள்ளிகளை வரப்போரத்தில் எடுக்காமல், ஒரே வகைப் பயிர் குறைந்தது 60 மீட்டருக்குப் பரந்திருக்கும் இடத்தின் நடுவில் எடுங்கள். ஒரு வகைக்கு 50 புள்ளி என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. படத்தை வகைப்படுத்தப் பயன்படுத்திய புள்ளிகளையே சரிபார்க்கவும் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு புகைப்படம், அது எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற குறிப்பு, அன்றைய தேதி. திசை எழுதாத புகைப்படம் மூன்று மாதம் கழித்து எதற்கும் உதவாது.

கிணற்று நீர்மட்டம் அளப்பது சுலபமாகத் தோன்றும். கைப்பிடிச்சுவரின் மேல் விளிம்பிலிருந்து நாடாவை விட்டு அளந்து, சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து ஆழம். சுவரில் எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள் என்று ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த முறையும் அங்கிருந்தே அளக்கவேண்டும். மோட்டார் எப்போது நின்றது என்று கேளுங்கள். பிறகு 10 நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் கிணறு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது, அந்த எண்ணை நிலையான மட்டமாக எழுதாதீர்கள். தண்ணீரின் உப்புத்தன்மையை மின்கடத்துமானியால் அளப்பதாக இருந்தால் அன்று காலையிலேயே 1,413 மைக்ரோசீமென்ஸ் தரக் கரைசலில் கருவியைச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

கண்மாய் எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்பதை இணையத்தில் கிடைக்கும் 30 மீட்டர் உயர மாதிரிகளை வைத்துச் சொல்ல முயலவேண்டாம். அவற்றின் செங்குத்துப் பிழை பல மீட்டர், கண்மாயின் ஆழமே இரண்டு மூன்று மீட்டர்தான். தரை காய்ந்த காலத்தில் துறையில் இருக்கும் ஆட்டோ லெவல் என்ற மட்டமளக்கும் கருவியை எடுத்துப்போய், கலுங்கின் மேல்மட்டத்தை ஆதாரப் புள்ளியாக வைத்து, உள்வாயின் குறுக்கே இரண்டு வெட்டுக்கோடுகள் போடுங்கள். தொடங்கிய புள்ளியிலேயே முடித்து, மூடும் பிழையை (அந்தப் புள்ளிக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் வந்த மட்டங்களின் வித்தியாசத்தை) கணக்கிடுங்கள். கிலோமீட்டரில் உள்ள தூரத்தின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டருக்குள் இருந்தால் சாதாரண வேலைக்குப் போதும்.

விவசாயிகளிடம் கேட்பதற்கு எத்தனை பேர்? மாதிரி அளவுச் சூத்திரப்படி 95 சதவீத நம்பிக்கை, 10 சதவீதப் பிழை என்றால் 96. ஆயக்கட்டுதாரர் மொத்தம் 180 பேர்தான் என்றால் திருத்தத்துக்குப் பின் 63. தலை, இடை, கடை என்று மூன்று பகுதியிலும் 60 பேர் வீதம் இருக்கிறார்கள், பகுதிக்கு 21 பேரிடம் கேட்டுவிடலாம் என்று எல்லோரும் நிறுத்துவது இங்கேதான். ஆனால் உங்கள் கேள்வி தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம். 60 பேரில் 21 பேரிடம் கேட்டால் அந்தப் பகுதிக்கான பிழை 10 சதவீதம் இல்லை, சுமார் 17 சதவீதம். ஒவ்வொரு பகுதிக்கும் 10 சதவீதம் வேண்டும் என்றால் 38 பேர், மூன்றுக்கும் 114. நாளுக்கு 6 பேர் என்றால் 19 நாள். அவ்வளவு நாள் இல்லையென்றால் இடைமடையை விட்டுவிட்டுத் தலைக்கும் கடைக்கும் 76 பேரிடம் 13 நாளில் முடிப்பதே என் பரிந்துரை. மூன்றையும் அரைகுறையாகச் செய்வதைவிடக் கேள்விக்குத் தேவையான இரண்டைச் சரியாகச் செய்வது மேல்.

கேள்வித்தாளை 8 பேரிடம் சோதித்துப் பார்க்காமல் அச்சடிக்காதீர்கள். அலகுகளில்தான் முதலில் சிக்கும். சென்ட், ஏக்கர் என்றால் கவலை இல்லை, 247 சென்ட் ஒரு ஹெக்டேர். தஞ்சைப் பக்கம் மா, குழி என்பார்கள். அங்கே குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், ஆகவே உள்ளூரில் கேட்டே எழுதுங்கள். விளைச்சலை மூட்டையில் சொன்னால் “மூட்டைக்கு எத்தனை கிலோ?” என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். “10 வருஷம் முன்னாடி எவ்வளவு நட்டீங்க?” என்று கேட்டால் யாருக்கும் சரியாக நினைவு வராது. “மழையே இல்லாமப் போச்சே, அதுக்கு முந்தின வருஷம்”, “கொரோனா ஊரடங்கு வருஷம்” என்று நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள். வருமானத்தை நேராகக் கேட்காதீர்கள். பரப்பு, விளைச்சல், விற்ற விலை மூன்றையும் வாங்கிக்கொண்டு நீங்களே கணக்கிடுங்கள். டீக்கடையில் கிடைப்பவர்களிடம் மட்டும் கேட்டால் ஆண்களும் பட்டாதாரர்களும்தான் கிடைப்பார்கள். நாற்று நடும் பெண்களும் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர்களும் விட்டுப்போவார்கள். கடைமடை நிலம் எப்போது தரிசானது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள்தான்.

பதிவேடுகளில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலும் (புல எண்வாரியான பயிர்ப் பதிவு) அ-பதிவேடும் (புல எண்வாரியான நில விவரப் பதிவு) உங்களுக்குத் தேவைப்படும். புலப்படமும் பட்டா, சிட்டா விவரமும் அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கும். அடங்கல், வருவாய்த் துறை பயன்படுத்தும் பசலி ஆண்டில் இருக்கும். பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை, 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆண்டு. 2025 ஜனவரிப் படத்தைப் பசலி 1435-ஓடு ஒப்பிட்டுவிட்டால் ஒரு சாகுபடியே தள்ளிப்போகும். அடங்கலில் நெல் என்றும் படத்தில் தரிசு என்றும் வரும் புல எண்களைத் தனிப்பட்டியலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வயல்களுக்குத்தான் நேரில் போய்க் கேட்கவேண்டும். ஆய்வின் சுவையான பகுதி பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

முடிவுகளை எழுதும்போது “ஒட்டுமொத்தத் துல்லியம் 88 சதவீதம்” என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். உதாரணமாக, தரையில் சீமைக்கருவேலம் இருந்த 60 புள்ளிகளில் படம் 48-ஐப் பிடித்திருக்கிறது என்றால் 80 சதவீதம். ஆனால் படம் கருவேலம் என்று சொன்னவை மொத்தம் 75, அதில் உண்மையானவை அதே 48, அதாவது 64 சதவீதம். அப்படியென்றால் உங்கள் வரைபடம் கருவேலத்தை மிகையாகக் காட்டுகிறது. “கருவேலம் இவ்வளவு ஹெக்டேர்” என்று எழுதும் வரியிலேயே இதையும் சொல்லவேண்டும். வாய்மொழித் தேர்வில் கேட்கப்படும் முதல் கேள்வியும் இதுவாக இருக்கலாம்.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: மூலத் தரவுக்கு ஒரு கோப்புறை, அதில் கை வைக்கவே கூடாது. திருத்தியவை வேறு கோப்புறையில். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி. களக்குறிப்பை அன்று இரவே தட்டச்சு செய்துவிடுங்கள். எந்தப் படத்துக்கு எந்த வரம்பெண் வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயம் அந்த நோட்டிலிருந்தே பாதி எழுந்துவிடும்.

முதலாண்டிலேயே நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வரும் ஜனவரியில் கண்மாய் நிரம்பியிருக்கும்போது ஒரு வாரம், மே மாதம் காய்ந்திருக்கும்போது ஒரு வாரம். நான்காம் பருவத்தில் தொடங்கினால் நிரம்பிய காலம், காய்ந்த காலம் இரண்டையும் பார்க்க வழியே இல்லை. முடிவுரை எழுதுவதற்கு முன் ஆயக்கட்டு வரைபடத்தை ஏ3 தாளில் மடைப்பெயர்களோடு அச்சிட்டு, ஊருக்கு எடுத்துப்போய், கேட்டுத் தெரிந்துகொண்ட பெரியவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். எழுதுவதற்குச் சிவப்பு மைப் பேனாவும் கூடவே இருக்கட்டும். எந்த மடையின் எல்லையைத் தவறாகப் போட்டிருக்கிறீர்கள், எந்த வயல் இப்போது வீட்டுமனையாகிவிட்டது என்று அந்த அரை மணி நேரத்தில் திருத்தித் தந்துவிடுவார்கள். திருத்திய படத்தின் ஒரு பிரதியை ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.